வெளிநாட்டில் டியூஷன் எடுக்கலாமா டீச்சர்?

 

கொஞ்ச நாளாக எனக்கு ஒரே மாதிரி போன் வந்துகொண்டிருக்கிறது. "டீச்சர், நான் இப்ப அபுதாபியில இருக்கேன். பிள்ளைக ஸ்கூலுக்குப் போனப்புறம் வீட்ல சும்மாதான் இருக்கேன். இங்கிலீஷ் டியூஷன் எடுக்கலாமான்னு பாக்குறேன்." சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி, டெக்சாஸிலிருந்து என் ஓரகத்தி மகள், போன வாரம் லண்டனிலிருந்து ஒரு பழைய மாணவனின் மனைவி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதோடு, நான் ஷார்ஜா போய்விட்டு வந்ததிலிருந்து "டீச்சர் அங்க டியூஷன் எடுத்து திர்ஹாமா அள்ளிட்டு வந்துட்டாங்க" என்று திருமயம் வரைக்கும் ஒரு பேச்சு. ஒரு திர்ஹாம்கூட வாங்கவில்லை. வாங்கியது வேறொருத்தி. அவள் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

முதலில் ஒரு விஷயம். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பிள்ளைக்கும் காசு வாங்கி டியூஷன் எடுத்ததில்லை. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் தனியாக டியூஷன் நடத்தக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 28ஆம் பிரிவே அதற்காக இருக்கிறது. அதற்கு முன்னால், ட்ரெயினிங் முடித்து எம்ப்ளாய்மெண்ட்டில் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருந்தபோது, கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாதம் 15 ரூபாய். அதோடு சரி. ஆகவே 2023 நவம்பரில் மகள் வீட்டுக்கு இரண்டு மாத விசிட் விசாவில் ஷார்ஜா போய் இறங்கியபோது, டியூஷன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. பேரனைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் பார்க்கில் நடந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

மகள் இருப்பது அல் நஹ்தா. பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு சிரியா நாட்டுக் குடும்பம். அந்த அம்மாவுக்கு ஏழு வயதில் ஒரு பையன். நான் டீச்சர் என்று என் மகள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். மறுநாளே ஒரு தட்டு நிறைய இனிப்போடு வந்துவிட்டார். பையனுக்கு ஆங்கிலம் வரவில்லை, நீங்கள் இருக்கும்வரை சொல்லிக்கொடுங்கள், மாதம் 400 திர்ஹாம் தருகிறேன் என்றார். அன்றைய கணக்குக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். என் மருமகன் உடனே சொல்லிவிட்டார்: "அத்தை, விசிட் விசால வேலை பாக்குறது சட்டப்படி தப்பு. அபராதம், ஊருக்கு அனுப்புறது வரைக்கும் போகும். வேண்டவே வேண்டாம்." அவர் சொல்லாவிட்டாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். அந்த அம்மாவிடம் இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, "எனக்குத் தெரிந்த ஒரு நல்ல டீச்சர் கிடைத்தால் சொல்கிறேன்" என்று மகளைவிட்டுச் சொல்லச் சொன்னேன். அப்போது எனக்கு அங்கே ஒரு டீச்சரும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து ரோலாவில் காய்கறி வாங்கப் போன இடத்தில் "டீச்சர்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் ஆவுடையார்கோயில் பக்கத்துப் பிள்ளை. என்னிடம் ஆறு, ஏழு, எட்டு படித்தவள். வகுப்பில் முதல் பெஞ்ச். என்னைப் பார்த்துத்தான் டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கிறாள். பயிற்சி முடித்தாள், 2013இல் டெட் எழுதித் தேறினாள், பணி நியமனம் மட்டும் வரவில்லை. இவளைப் போல எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணமாகி 2017இல் இங்கே வந்துவிட்டாள். கடையிலேயே கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தரிக்காய் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

அடுத்த நாள் அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை ஃப்ளாட். கணவருக்குக் கம்பெனியில் மூன்று மாதமாகச் சம்பளம் பாதிதான். இவள் இங்குள்ள பள்ளிகளில் வேலை தேடியிருக்கிறாள். பள்ளியில் சேர டிகிரி வேண்டும், அதற்குமேல் ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும், நம் டிப்ளமோ அங்கே வாசலைத் தாண்டாது. அதன்பிறகு ஒரு டியூஷன் சென்டருக்குப் போயிருக்கிறாள். எந்த சென்டர் என்று நான் கேட்கவில்லை. அங்கே ஐந்து நிமிடம் பேசவிட்டு, "உங்கள் உச்சரிப்பு பெற்றோருக்குப் பிடிக்காது, தாய்மொழி ஆங்கிலம் உள்ளவர்களைத்தான் எடுக்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து யூடியூப் பார்த்து அமெரிக்கக்காரி மாதிரிப் பேசிப் பழகியிருக்கிறாள். எனக்கு ஒரு தரம் பேசிக் காட்டினாள். ஆறாம் வகுப்பில் அழகாக வாசித்த பிள்ளை, மூக்கால் பேசினாள். "இதை முதல்ல நிறுத்தும்மா" என்றேன்.

ஆனால் நான் உட்கார்ந்திருந்தபோதே கதவு தட்டப்பட்டு இரண்டு பிள்ளைகள் பையோடு வந்தார்கள். அவள் சட்டென்று எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அனுமதியில்லாமல் டியூஷன் எடுப்பது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். சம்பளம் பாதியான பிறகு வேறு வழி தெரியவில்லை. யாராவது லிஃப்ட்டில் கேட்டால் "ஆன்ட்டி வீட்டுக்கு விளையாடப் போறோம்" என்று சொல்லும்படி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்க வருகிற பிள்ளைக்கு முதல் பாடமாகப் பொய் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவளே மனசுக்குள் வதங்கிக்கொண்டிருந்தாள். நான் வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதற்கு விடிவு வந்தது டிசம்பர் 18ஆம் தேதி. அமீரகத்தின் மனிதவள அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, தனியார் ஆசிரியர் பணி அனுமதி என்று ஒன்றை அறிவித்தார்கள். திருட்டுத்தனமான டியூஷனை ஒழிக்க வேண்டும் என்றால் நேர்வழி ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். பள்ளி ஆசிரியர்கள், வேறு வேலையில் இருப்பவர்கள், வேலையில்லாதவர்கள், கல்லூரி மாணவர்கள், 15 முதல் 18 வயதுப் பள்ளி மாணவர்கள்கூட விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. இரண்டு வருஷம் செல்லும். நடத்தை விதிகளில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வேலை நாளில் முடிவு தெரியும். மறுத்துவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். செய்தியை மருமகன் போனில் வாசித்துக் காட்டியபோது நான் அவரை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். "வேலையில்லாதவர்கள்" என்ற சொல் எனக்கு அவ்வளவு இனிப்பாக என்றைக்கும் கேட்டதில்லை.

அவளுக்குப் போன் போட்டேன். அங்கே வாட்ஸப்பில் செய்திதான் அனுப்ப முடியும், பேச முடியாது; சாதாரணப் போனில்தான் பேசினேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். ஆனால் வந்ததும் பயம். "டீச்சர், டிகிரி இல்லாம குடுப்பாங்களா? மறுத்துட்டா ஆறு மாசம் போயிருமே?" விண்ணப்பத்தில் கேட்டவை எமிரேட்ஸ் ஐடி, போட்டோ, நன்னடத்தைச் சான்று, உடல்தகுதிச் சான்று, கையெழுத்திட்ட நடத்தை விதிகள், அனுபவம் இருந்தால் அதற்கான சான்று. அதில் எங்கேயும் அமெரிக்க உச்சரிப்பு கேட்கவில்லை. விண்ணப்பம் போகும்வரை அந்த இரண்டு பிள்ளைகளையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது அவளாக எடுத்த முடிவு. அந்த மாதம் அவர்கள் வீட்டில் காசுக்குக் கஷ்டம்தான். ஜனவரி முதல் வாரத்தில் அனுமதி வந்தது. போனில் வந்த அந்தத் தாளை அவள் பிரிண்ட் எடுத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். திரையை விலக்கியும் விட்டாள். பால்கனிக்கு எதிரே வெறும் பார்க்கிங்தான் தெரிகிறது என்றாலும், வெளிச்சம் வந்தது.

பார்க்கிங் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பதிவில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். அவசரமாக இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

அனுமதி வந்ததும் அந்த சிரியாக்கார அம்மாவிடம் இவளை அழைத்துப் போனேன். சோதனை வகுப்பு வேண்டும் என்றார், நியாயம்தானே. இவளுக்குக் கை நடுங்கியது. பையன் புத்தகத்தைத் திறந்து வாசித்தான். 'ப' வரும் சொல் எல்லாவற்றையும் அவன் 'bebsi' என்கிற மாதிரிச் சொன்னான் என்று எழுத ஆசை, ஆனால் தமிழில் எழுதினால் எல்லாம் பெப்சிதான். அதுதான் விஷயமே. நமக்கு ஒரே 'ப'. குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. வண்டி நிறுத்துவதும் பார்க்கிங், நாய் குரைப்பதும் பார்க்கிங். ஆனால் நம் வாயில் இரண்டு ஒலியும் உண்டு. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து ஒரு ஒலி, கடைசி எழுத்து இன்னொரு ஒலி. எழுத்து மட்டும் ஒன்று. அரபுக்காரர்களுக்கோ முதல் ஒலியே மொழியில் கிடையாது, கடைசி ஒலி மட்டும்தான் உண்டு. ஆகவே நம் பிள்ளைக்கு ஒலியை இடம் மாற்றி வைக்கப் பழக்க வேண்டும். அந்தப் பையனுக்கு ஒலியையே புதிதாகத் தர வேண்டும்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? நோட்டிலிருந்து ஒரு துண்டுத்தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டாள். குண்டூசிப் பின் சொன்னாள், தாள் பறந்தது. குப்பைத்தொட்டிப் பின் சொன்னாள், தாள் அசையவில்லை. பையன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டான். இருபது தரம் ஊதியிருப்பான். கடைசியில் தாள் ஆடியது. அந்த அம்மா கை தட்டினார். அந்தத் தாள் வித்தை எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் நான் செய்ததுதான். அவள் மறக்கவில்லை. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

பிறகு அவன் "திஸ் புக்" என்று வாசித்தான், நடுவில் 'இஸ்' இல்லாமல். அவள் சிரித்தேவிட்டாள். ஏனென்றால் நம் பிள்ளைகளும் அதையேதான் சொல்வார்கள். 'இது புத்தகம்' என்பதில் நமக்கு 'இஸ்' எங்கே இருக்கிறது? அரபியிலும் இல்லை. 'தி' மட்டும் அவர்களுக்கு எளிது, அவர்களிடம் 'அல்' இருக்கிறது; 'எ' தான் விட்டுப்போகும். நமக்கு இரண்டும் விட்டுப்போகும். பிறந்ததிலிருந்தே ஆங்கிலம் பேசுகிற ஒருவருக்கு அந்தப் பையன் ஏன் 'இஸ்'ஸை விடுகிறான் என்று புரியாது. தப்பு என்று மட்டும் தெரியும். மூன்றாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டி பார்த்த எங்களுக்கு அது எங்கே இடறும், ஏன் இடறும் என்பது எங்கள் காலில் பட்ட கல்லாகத் தெரியும். அந்த டியூஷன் சென்டர்காரர்கள் உச்சரிப்பைக் கேட்டார்களே தவிர, ஒரு பிள்ளையை எதிரில் உட்கார வைத்து இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். இதை நான் என் மாணவி என்பதற்காகச் சொல்லவில்லை... சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

அப்புறம் வேலை எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். விளம்பரத்தில் இல்லை. அந்த சிரியாக்கார அம்மா, பள்ளி பஸ் நிற்கும் இடத்தில் இன்னொரு எகிப்துக்கார அம்மாவிடம் சொன்னார். அவர் ஒரு மலையாளி அம்மாவிடம். பழைய இரண்டு பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள், இந்த முறை லிஃப்ட்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டு. ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து பள்ளி வாரம் நாலு நாள்தான். வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி காலையில் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தவிக்கும் வீடுகள் நிறைய. இவள் வெள்ளி காலையையும் சனி காலையையும் பிடித்துக்கொண்டாள். அது நல்ல யோசனை, அவளுடையதுதான்.

சம்பளம் கேட்பதில்தான் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் நாக்கு எழுவதில்லை. அவள் முதலில் 100 திர்ஹாம் போதும் என்றாள். "ஏம்மா, குறைச்சுக் கேட்டா நல்லவங்கன்னு நினைக்க மாட்டாங்க, சரக்கு மட்டம்னுதான் நினைப்பாங்க" என்றேன். 300இல் நின்றாள். இரண்டு பிள்ளை ஒரே வீட்டிலிருந்து வந்தால் 500. முன்பணமாக வாங்கு, வராத நாளுக்குக் கழிக்காதே, நீ வராத நாளை மட்டும் ஈடு செய் என்று சொன்னேன். ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஒலியில், எந்த வாக்கியத்தில் இடறுகிறது என்று எழுதி, மாதக் கடைசியில் அம்மாவிடம் காட்டச் சொன்னேன். மதிப்பெண் ஏறுவதற்கு முன்னாலேயே பெற்றோருக்குத் தெரிவது அந்த நோட்டுதான்.

இன்னொன்றும் நடந்தது. அறந்தாங்கிப் பக்கத்து அம்மா ஒருத்தி பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாமல் பின்னாலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போக பஸ் காசு மிச்சம் பண்ணுகிறாள் என்று இவள் நினைத்திருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது, அவளும் பாடம் கேட்கிறாள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் கிளாஸ் டீச்சரிடம் பேச வாய் வராமல் தலையாட்டிவிட்டு வருகிறவள். எனக்கு 1991இல் நம் மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் ஞாபகம் வந்தது. பழைய பிள்ளைகளுக்குத் தெரியும், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை ஊரே பார்த்தது. நான் ஒரு கிராமத்தில் ராத்திரி வகுப்பு எடுத்தேன். 'அ'னா, 'ஆ'வன்னாவில் தொடங்கினால் யாரும் உட்கார மாட்டார்கள். பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயர், கூலிக் கணக்கு, இவற்றில் தொடங்கினால் லாந்தர் அணையும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இவளிடம் அதைச் சொன்னேன். "அந்த அம்மாவுக்கு டீச்சர்கிட்ட என்ன கேக்கணும்னு இருக்கோ, அந்த நாலு கேள்வியை மட்டும் சொல்லிக்கொடு." அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண் நாலில் மூன்றைக் கேட்டுவிட்டாளாம். நாலாவதற்கு டீச்சரே பதில் சொல்லிவிட்டாராம்.

சரி, மற்ற ஊர்க்காரர்களுக்கு. உங்கள் விசா என்ன சொல்கிறது என்பதை முதலில் படியுங்கள், டியூஷனைப் பிறகு யோசிக்கலாம். சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலை பார்க்க வேண்டுமென்றால் 2021 மே 1 முதல் பொதுவாகத் தனியாக வேலை பாஸ் வேண்டும். வீட்டில் வைத்து இரண்டு பிள்ளைக்குத்தானே என்று இறங்காதீர்கள். அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு 2015 மே முதல் வேலை அனுமதி அட்டை கிடைக்க வழி இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. கணவரின் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த அட்டை கைக்கு வரும்வரை காசு வாங்காதே என்று ஓரகத்தி மகளிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம்தான் அவளுக்கு. இங்கிலாந்தில் கணவரின் வேலை விசாவோடு சேர்ந்து போனவர்கள் வேலை செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். லண்டன் பிள்ளைக்கு அதனால் வழி திறந்திருக்கிறது. இதெல்லாம் மாறக்கூடியவை. நான் சொன்னேன் என்று இறங்காமல் அந்தந்த அரசாங்கத்தின் இணையதளத்தில் அன்றைய தேதிக்குப் பாருங்கள். ஏஜெண்டிடம் காசு கட்டாதீர்கள். அமீரக அனுமதிக்குக் கட்டணமே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அதற்கும் ஐநூறு, ஆயிரம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

என் மாணவிக்கு இப்போது ஒன்பது பிள்ளைகள். கணவருக்கும் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் ராத்திரி எட்டு, அவளுக்கு ஆறரை, அந்த நேரத்தில் போட்டிமில் பேசுவாள். போன வாரம் "டீச்சர், ஒரு பையனுக்கு 'வி'யும் 'டபிள்யூ'வும் ஒண்ணாவே வருது, என்ன பண்றது?" என்று கேட்டாள். மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைக்கச் சொல்லிக் கண்ணாடி கொடு என்றேன். கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் டிப்ளமோ சான்றிதழில் இனிஷியல் ஒற்றை எழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், சிலருக்குக் கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒருவரே என்பதற்குத் தாள் கேட்பார்கள். ஊருக்கு லீவில் வரும்போதே அதை முடித்துக்கொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். ஞாயிறு வேண்டாம்.